ஆள் தூங்கும் காலி வீடு

உண்மையைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தவர்கள் உலகில் ஏராளம். ஆவரங்குளம் பேரூராட்சி அலுவலகமோ அதை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பஸ் நின்றும் நிற்காமலும் போகிற அந்த ஊர் மனித குலத்துக்குக் கொடுத்த கொடை இதுதான்: கதவில் பூட்டு தொங்கினால் காலி வீடு, தொங்காவிட்டால் ஆள் குடியிருக்கும் வீடு.

மேலிடம் காலி வீடுகளின் கணக்கைக் கேட்டிருந்தது. செயல் அலுவலர் விக்னேஷ்வரன் உடனே 'உயர்மட்டக் கூட்டம்' போட்டார். கூட்டம் மாடியில் நடந்ததால் அந்தப் பெயரில் தப்பில்லை. ஊரில் எத்தனை காலி வீடு இருந்தால் மரியாதை என்பதுதான் முதல் விவாதம். நிறைய இருந்தால் ஊர் வளரவில்லை என்பார்கள். ஒன்றுமே இல்லை என்றால் போய்ப் பார்க்கவே இல்லை என்பார்கள். "அளவா இருக்கட்டும்" என்று விக்னேஷ்வரன் முடித்துவைத்தார். பிறகு பூட்டு விதி பிறந்தது. பூட்டைப் படம் பிடித்து ஏற்ற ஒரு செயலியும் வந்தது.

அந்தச் செயலியோடு சோலைராஜ் என்ற ஊழியர் மில்காரத் தெருவில் நுழைந்த நேரத்தில், பாண்டிசெல்வி தன் வீட்டுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவில் வெளியே பூட்டு தொங்கியது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. பாண்டிசெல்விக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நைட் ஷிப்ட். விடிந்து வீடு வந்து சோறு பொங்கிவிட்டுப் படுப்பாள். அவள் புருஷன் சமுத்திரம் பேண்டேஜ் கம்பெனிக்குக் கிளம்பும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவான். உள்ளே தாழ் போட்டால் மகளிர் குழுத் தவணை கேட்டு வரும் குழு அக்காவிலிருந்து கோலப்பொடிக்காரர் வரை தட்டி எழுப்பிவிடுவார்கள். பூட்டைப் பார்த்தால் ஒருவரும் தட்டமாட்டார்கள். அவசரத்துக்கு இன்னொரு சாவி அவள் தலைமாட்டில் இருக்கும். ஜன்னல் வழியே நீட்டினால் எதிர்வீட்டு ஹஸீனா வாங்கித் திறந்துவிடுவாள். நைட் ஷிப்ட் பார்க்கிற வீடுகளில் அந்தத் தெருவே இப்படித்தான் தூங்கியது.

"உள்ள ஆளு தூங்குதாக" என்றாள் ஹஸீனா.

"வெளிய பூட்டு தொங்குதே?" என்றார் சோலைராஜ்.

"தூங்குறதுக்குத்தான் பூட்டு."

"அப்ப எழுப்புங்க, பாத்துக்கிடுதேன்."

"எழுப்பக் கூடாதுன்னுதான அண்ணே பூட்டியிருக்கு."

சோலைராஜ் செயலியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தூக்கத்தைக் குறிக்கச் செயலியில் இடமில்லை. பூட்டை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

தெருக்கோடியில் மொக்கைச்சாமியின் வீடு. அவர் குடும்பத்தோடு திருப்பூர் போய் மாமாங்கம் ஆகிறது. கூரை விழுந்து, கதவை யாரோ கழற்றிக்கொண்டு போய், நடுவீட்டில் வேப்பமரம் நின்றது. கதவே இல்லாத இடத்தில் பூட்டு எப்படித் தொங்கும்? ஆகவே அது குடியிருப்பு. எத்தனை பேர் என்று செயலி கேட்டது. உள்ளே நான்கு ஆடுகள் படுத்திருந்தன. ஆடு என்று எழுதச் செயலி இடம் கொடுக்கவில்லை. நான்கு என்று எழுதக் கொடுத்தது.

கொஞ்ச நாளில் 'ஆளில்லா வீடுகளில் வீணாகும் குடிநீரை மீட்கும் இயக்கம்' தொடங்கியது. பாண்டிசெல்வி வீட்டுக் குழாயைத் துண்டித்தார்கள். நான்கு பேர் தண்ணீரில்லாமல் தவிப்பதாக ஆவணம் சொன்ன மொக்கைச்சாமி வீட்டுக்குப் புதுக் குழாய் வந்தது. பாண்டிசெல்வி அங்கே போய், ஆடுகளை விலக்கிவிட்டு, குடம் சுமந்தாள். சுமந்த நேரமெல்லாம் தூக்கத்தில் குறைந்தது. பாண்டிசெல்விக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நேரே செயல் அலுவலரிடம் போனாள்.

"சார், எங்க வீட்டக் காலின்னு எழுதிட்டாக. நாங்க அங்கனதான் இருக்கோம்."

"இப்ப வீட்ல யாரும்மா இருக்கா?"

"யாருமில்ல சார். நான் இங்க நிக்கேன், அவரு வேலைக்குப் போயிருக்காரு."

"அதத்தான நாங்களும் எழுதியிருக்கோம்" என்றார் விக்னேஷ்வரன், பொறுமையின் சிகரமாக.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு சமுத்திரம் போனான். "எஞ் சம்சாரம் வீட்டுக்குள்ளதான் சார் தூங்குது. நாந்தான் பூட்டிட்டு வாரேன்."

விக்னேஷ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "பொம்பளய உள்ள வச்சுப் பூட்டுறது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா? காலி வீடுன்னு இருக்கிறதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு."

சமுத்திரம் நன்றி சொல்லிவிட்டு வந்தான். அதற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பாண்டிசெல்வி விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றாள். கடைசியில் கருணை பிறந்தது. "மறு ஆய்வு வைக்கிறோம். பகல்ல கதவத் திறந்துவச்சு முழிச்சிருங்க. ஆள் வரும்."

"என்னைக்கு சார் வருவாக?"

"அதச் சொல்லிட்டு வந்தா அது ஆய்வாம்மா?"

அன்று முதல் வீட்டுக்கதவு பகலெல்லாம் திறந்து கிடந்தது. பாண்டிசெல்வி வாசலைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். குழு அக்கா வந்தார். கோலப்பொடிக்காரர் வந்தார். மொக்கைச்சாமி வீட்டு ஆடுகளில் ஒன்றுகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சோலைராஜ் மட்டும் வரவில்லை. பேரூராட்சிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வரப்போகிறதென்று அவரை மேடைப் பந்தல் வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

"ஏக்கா, செத்தப் படுங்க. ஆளு வந்தா நான் எழுப்புதேன்" என்றாள் ஹஸீனா.

"வேண்டாம்டீ. படுத்திருக்கப் படம் புடிச்சா, ஆளு செத்துப் போச்சுன்னு எழுதிருவாக."

பகலில் விழித்த கண் இரவில் எத்தனை நாள்தான் தாங்கும்? ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நின்றபடியே அவள் தலை சாய்ந்தது. சூப்பர்வைசர் விஜயபாண்டி ஓடிவந்து பின்னால் இழுத்ததால் கை தப்பியது. வேலை தப்பவில்லை. "பொழப்பு பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல உசுரோட வீடு போய்ச் சேருக்கா" என்று அனுப்பிவைத்தார்.

ஒரு சம்பளத்தில் அந்த ஊரில் வாடகை கொடுத்து வாழ முடியாது. தண்ணீரும் இல்லாத வீட்டுக்கு எதற்கு வாடகை என்று சமுத்திரமும் சொன்னான். தட்டுமுட்டுச் சாமான்களை மினி லாரியில் ஏற்றி, தேவதானத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போகும்போது பாண்டிசெல்வி அழுதாள். பூட்டைப் போட்டுச் சாவியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கச் சொல்லி ஹஸீனாவிடம் தந்தாள்.

அதன் பிறகுதான் விருதுநகரிலிருந்து சரிபார்ப்புக் குழு வந்தது. காலி வீட்டுப் பட்டியலில் பாண்டிசெல்வி இருந்த வீட்டின் மேல் விரல் வைத்து, அதைக் காட்டச் சொன்னார்கள். விக்னேஷ்வரன் வேர்த்துப்போய் மில்காரத் தெருவுக்குக் கூட்டிவந்தார். பூட்டு தொங்கியது. குழுத் தலைவர் ஹஸீனாவைக் கேட்டார்.

"உள்ள யாரும்மா இருக்கா?"

"யாருமில்ல சார்" என்றாள் ஹஸீனா. "அன்னைக்கு இவிய காலின்னு எழுதும்போது இருந்தாக."

பின்பாதியை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. கணக்கு நூற்றுக்கு நூறு சரி என்று கையெழுத்தானது. பந்தலில் சான்றிதழும் மாலையும் விழுந்தன. அரசு அலுவலகம் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுவிடும் என்று இனி எவரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு வீட்டைக் காலி என்று எழுதிவிட்டால், அதிலிருப்பவர்களைக் கிளப்பி அனுப்பிக் கணக்கை நேராக்கும்வரை ஓயாத அலுவலகம் அது.