வாய்க்காலை ஆண்ட எண்

நீதியைத் தேடி மனுக்குலம் அலைந்த அலைச்சலெல்லாம் 1938ஆம் ஆண்டுக் கோடைச் சிறுபோகத்தில், வெல்லாவெளிக்கு அப்பால் ஒரு வாய்க்கால் கட்டில் முடிவுக்கு வந்தது. முடித்து வைத்தவர், அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் அதிகாரியான வட்டை விதானை வினாயகமூர்த்தி. அவருக்குக் கை கொடுத்த எண் 142857.

நாவற்குடாவில் ஒரு கலியாண வீட்டில் கணக்கு வாத்தியார் ஒருவர் வெற்றிலையில் சுண்ணாம்பால் எழுதிக் காட்டிய எண் அது. இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரை எதனால் பெருக்கினாலும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசையில், வேறோர் இடத்தில் தொடங்கிச் சுற்றி வரும். விதானையாருக்கு அன்று கலியாணச் சோறு இறங்கவில்லை. அவருடைய வாய்க்காலிலும் ஆறு வயல்கள்! குளத்தில் தண்ணீர் குறைவு. மடையடியில் ஓயாத மண்வெட்டிச் சண்டை. இனி வயலுக்கு ஓர் இலக்கம், இலக்கத்துக்கு அத்தனை மணித்தியாலம் தண்ணீர். முதல் நாள் ஒன்றால், மறுநாள் இரண்டால் என்று பெருக்கிக்கொண்டே போனால் ஆறு நாளில் எல்லாருக்கும் எல்லா இலக்கமும் வந்துவிடும். யார் குறை சொல்ல முடியும்?

வயல்காரர் கூட்டம் இந்த 'விஞ்ஞான முறை'யை ஏகமனதாக ஏற்றது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தேழு, நாளுக்கோ இருபத்துநான்கு மணித்தியாலந்தானே என்று ஒருவர் மெல்ல இழுத்தார். அது நாளின் குறைபாடு, எண்ணின் குறைபாடல்ல என்று விதானையார் விளக்கினார்.

விடிந்ததும் முதல் வயலில் தொடங்குவதே வழக்கம். ஆகவே மூன்று மணித்தியாலக் குறை தினமும் கடைசி வயலில் விழுந்தது. அது சின்னத்தங்கத்தின் வயல். புருஷன் இல்லாதவள், இரவல் விதைநெல்லை நம்பி விதைத்தவள். மூன்றாம் நாள் அவளுடைய இலக்கம் ஒன்று. ஒன்றில் மூன்று போகாதே? ஆகவே இரண்டு மணித்தியாலத் தண்ணீரை அவள் வாய்க்காலுக்குத் 'திருப்பி ஒப்படைக்க வேண்டும்' என்று கட்டளை போயிற்று. மறுநாள் கிடைத்ததில் அதையும் பிடித்துக்கொண்டார்கள்.

பயிர் கருகத் தொடங்கியதும் அவள் மடையடிக்கு வந்தாள்.

"விதானையார், ஒரு சுத்துக்கு மட்டும் இந்த இலக்கத்தக் கடைசி வயல்ல இருந்து எழுதிப் பாக்கக் கூடாதா? என்ட வேளாண்மை சாகுது."

வினாயகமூர்த்தி உண்மையாகவே உருகிப்போனார். மணலில் 758241 என்று விரலால் எழுதி இரண்டால் பெருக்கினார். ஏழு இலக்கம் வந்தது; சுற்றவேயில்லை. கண் கலங்க அதை அழித்தார்.

"ஏலா புள்ள. திருப்பி எழுதினா இலக்கம் செத்துப்பெயிரும்."

கூட்டம் மறுபடி கூடி, எண்ணின் உயிரைக் காப்பதென்று தீர்மானித்தது. காப்பாற்றியும் விட்டது. அறுவடை வந்தபோது சின்னத்தங்கம் அரிவாளைத் தொடவில்லை. மாட்டை அவிழ்த்து வயலுக்குள் விட்டாள்.

முதல் வயலில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அதன் வரம்பில் நின்றுகொண்டு விதானையார் எண்ணின் நேர்மையை எடுத்துச் சொல்லச் சொல்ல, வெட்டுக்காரர்கள் கேட்டார்கள். கேட்காமல் என்ன செய்வது? அது அவருடைய வயல்.