அரைமில்லியும் மூன்று கைப்பிடிகளும்

கால்குலேட்டரை மூன்றாவது தடவையும் தட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் மச்சினன்தான் ஜெயித்திருந்தான். வித்தியாசம் புள்ளி மூன்று.

ஆபீசில் அவருக்கு அரைமில்லி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். பத்தொன்பது வருஷமாக மின்சாரக் கெட்டில் வரைகிறவர். மூடியோ மூக்கோ கைப்பிடியோ, அரை மில்லிமீட்டர் பிசகியிருந்தால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன வருஷம் கம்பெனி விட்ட கெட்டிலின் கைப்பிடி, வாங்கினவர்களின் மணிக்கட்டையெல்லாம் பதம் பார்த்துவிட்டது. புகார்க் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. புதுக் கைப்பிடி உடனே வேண்டும் என்று உத்தரவு. மூன்று பேர் படம் வரைந்தார்கள். 'அ' அரைமில்லியினுடையது. 'ஆ' அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி, அவரே சிபாரிசு செய்து தன் பிரிவிலேயே சேர்த்துவிட்ட பிள்ளை. 'இ' மேலாளரே வரைந்தது. மூன்று படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், கைநடுக்கத்தில் வரைந்த ஒரே படம் என்றுதான் வெளியாள் நினைப்பான். வரைந்தவர்கள் மூவரும் அப்படி நினைக்கவில்லை.

இதில் அரைமில்லிக்கு வேறொரு கவலையும் இருந்தது. பிரிவுத் தலைவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். தனக்குக் கீழே உள்ளவர்களில் யாருடைய கைப்பிடி முன்னால் வருகிறதோ அவருக்குத்தான் அந்த நாற்காலி என்று மேலாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். மச்சினன் ஜெயித்தால், தான் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனிடமே நாளைக்கு லீவு கேட்டு நிற்கவேண்டும். 

முன்பெல்லாம் இந்த மாதிரி விஷயங்களை மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிடுவார். இப்போது மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தார்.

"இனிமே இந்த ஆபீஸ்ல யாரும் 'எனக்கு என்னவோ இது பிடிச்சிருக்கு'ன்னு சொல்லக் கூடாது" என்றார். "எந்தெந்தத் தகுதி வேணும்னு பட்டியல் போடணும். ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு எடைன்னு முடிவு பண்ணணும். மார்க் போடணும், பெருக்கணும், கூட்டணும். நாம வாயை மூடிக்கணும். எண் பேசட்டும்."

சீனியர் என்பதால் கணக்குப் போடும் பொறுப்பு அரைமில்லியிடம் வந்தது. மாதிரி செய்யும் டூல்ரூமிலிருந்து மூன்று கெட்டில்கள், கைப்பிடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, ஆளுக்கொரு எழுத்து ஸ்டிக்கரோடு வந்து இறங்கின. ஆபீசில் ஏழு பேர் தண்ணீர் நிரப்பித் தூக்கினார்கள், சாய்த்தார்கள், யோசித்தார்கள், மார்க் போட்டார்கள். அதைக் கூட்டிப் பார்த்துத்தான் இப்போது கால்குலேட்டரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

புள்ளி மூன்று. சின்ன விஷயம். பட்டியலில் ஒரு தகுதியைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. 'மணிக்கட்டு நிம்மதி' என்று ஒரு கட்டம் சேர்த்தார். அதற்கு நல்ல கனமான எடையும் கொடுத்தார். ஏழு பேரையும் மறுபடி தூக்கச் சொல்லி, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்றுகொண்டார்.

"'அ' எப்படி இருக்கு, மணிக்கட்டுக்கு இதமா இருக்கில்ல?" என்று கணக்குப் பிரிவு அம்மாவைக் கேட்டார்.

"நீங்க இப்படிப் பக்கத்துல நின்னா இதமாத்தான் இருக்கு சார்."

'அ' முதலிடத்துக்கு வந்தது. 'ஆ' இரண்டாவது. ஆனால் மேலாளரின் 'இ' அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. தாளைப் பார்த்த மேலாளரின் முகம் சுண்டிப்போனது.

"எண் பேசணும்னுதான் சொன்னேன். இது உளறுதே."

"எடையில ஏதோ கோளாறு சார்" என்றார் அரைமில்லி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு.

"அப்போ எடையை எப்படி முடிவு பண்ணினீங்க?"

"எனக்கு என்னவோ அது சரின்னு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எடைகளை முடிவு செய்ய ஐந்து பேர் குழு போடப்பட்டது. குழுவில் யார் யார் இருக்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு தனி அட்டவணை. அந்த அட்டவணையின் எடைகளை முடிவு செய்ய இரண்டு பேர். அந்த இருவரும் பேசிக்கொள்ளாதவர்கள் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியவந்தது. இதற்கிடையில் மேலாளர் தன் பங்குக்கு 'நிறுவனத்தின் தொலைநோக்கு' என்று ஒரு தகுதியைச் சேர்த்தார். கைப்பிடிக்கு என்ன தொலைநோக்கு என்று யாரும் கேட்கவில்லை. 'இ'க்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினபோது மூன்று கைப்பிடிகளுக்கும் ஏழு புள்ளி இரண்டு. ஒரு இம்மி கூடுதல் இல்லை, குறைவில்லை.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்படிய்யா நடக்கும்? மூணு பேர் மூணு விதமா யோசிச்சு செஞ்ச பொருள். எப்படி ஒரே மார்க் வாங்கும்?"

"வாய்ப்பே இல்ல சார்" என்றார் அரைமில்லி.

"வாய்ப்பே இல்ல சார்" என்றான் மச்சினன். அந்த மாதத்தில் மாமனும் மச்சினனும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

வெள்ளிக்கிழமை முதலாளி முன்னிலையில் கடைசிச் சோதனை என்று முடிவானது.

வீட்டில் சோறு வேகும் முன்னாலேயே செய்தி வெந்திருந்தது.

"ஏங்க, என் தம்பியோட கைப்பிடிக்கு நீங்கதான் மார்க் போடறீங்களாமே" என்றாள் மனைவி.

"நான் போடல. ஏழு பேர் போடறாங்க. நான் கூட்டறேன்."

"கூட்டறதை ஒழுங்கா கூட்டினா அவன் ஜெயிச்சிருப்பானாமே. புதுசா என்னவோ கட்டம் சேர்த்தீங்களாம்."

"அது விஞ்ஞானம். உனக்குப் புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? எங்கம்மா போன்ல இருக்காங்க, அவங்களுக்குப் புரிய வைங்க."

போனை வாங்கினார். மாமியார் ரொம்பத் தன்மையாகப் பேசினார். "மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியாததில்ல. அவன் சின்னப் பையன். நீங்க பெரிய மனசு பண்ணணும்." அந்தச் சின்னப் பையனுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். அரைமில்லி "சரிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். ஜெயித்தால் வீட்டில் இருக்க முடியாது, தோற்றால் ஆபீசில் இருக்க முடியாது. அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மாதிரிகள் வைத்திருந்த அறைக்குள் நுழைந்தார். கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. யாரும் பக்கத்தில் நிற்காமல், தொட்டுப் பார்த்த சுகத்தை வைத்து மட்டும் மார்க் போட்டது முதல் சோதனையில்தான். அதில் ஜெயித்தது 'ஆ'. ஆகவே அந்தக் கெட்டிலில் தன் ஸ்டிக்கர் இருந்தால் போதும். நகத்தால் நைசாக உரித்து 'அ'வை 'ஆ'வின் இடத்திலும் 'ஆ'வை 'அ'வின் இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மச்சினன் நின்றான். அவன் நகத்திலும் பசை இருந்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"நீ எதுக்கு வந்தே, மாப்ள?"

மச்சினன் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"காலைல ஒரு தடவை மாத்தினேன்" என்றான். "மணிக்கட்டு நிம்மதில 'அ' ஜெயிச்சதுல்ல, அதான். அப்புறம் டீ டயத்துல மனசு கேக்காம திருப்பி மாத்தினேன். அப்போ அவசரத்துல 'இ'யும் கலந்துபோச்சோன்னு ஒரு சந்தேகம். அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அடப்பாவி. அப்போ இதுல எது எதுடா?"

"அதைத்தான் உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

டூல்ரூமில் போய்க் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று டூல்ரூம் திருப்பிக் கேட்டால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வேலை போகும். அரைமில்லி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் எதுக்கு இருக்கேன்? பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாதா?" கண்ணை மூடிக்கொண்டு முதல் கெட்டிலைத் தூக்கினார். "சே. கட்டை விரல்ல இடிக்குது. இது உன்னோடது." இரண்டாவதைத் தூக்கினார். "இது மேலாளரோடது, சந்தேகமே இல்ல. யோசிக்காம வரைஞ்சது அப்படியே கையில தெரியுது." மூன்றாவதைத் தூக்கினதும் அவர் முகம் மலர்ந்தது. "இதுதான். கை தானா போய் உக்காருது பார்."

மச்சினனும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் தூக்கினான். மூன்றாவதில் அவன் முகமும் மலர்ந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இது என்னோடது. இந்த வளைவுக்காக நான் ரெண்டு மாசம் தூங்கல."

"டேய், இந்த வளைவு என் ரத்தம்."

"அப்போ கட்டை விரல்ல இடிக்கிற அதுதான் உங்களோடது."

மூன்றாவது கெட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் முதலாளியின் குரல் கேட்டது. கைக்கு வந்த ஸ்டிக்கரை வந்த இடத்தில் ஒட்டிவிட்டு இருவரும் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். இருவரும் இழுத்த கெட்டிலில் 'இ' போய் உட்கார்ந்திருந்தது.

சோதனை அரைமணி நேரம் நடந்தது. அன்றைக்கு மட்டும் வரைந்தவர்களும் மார்க் போடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டதால், இன்னொருத்தன் ஜெயித்துவிடக் கூடாதே என்று மாமன் 'ஆ'வுக்கும் மச்சினன் 'அ'வுக்கும் அடிமாட்டு மார்க் போட்டார்கள். 'இ' தன்னுடையது என்று ஊருக்கே தெரியும்படி மேலாளர் அதன் பக்கத்திலேயே நின்றதில் மற்ற மார்க்கும் அங்கேயே விழுந்தது. 'இ' ஒன்பது புள்ளி நான்கு. மற்ற இரண்டும் நாலைத் தாண்டவில்லை.

முதலாளி 'இ'யை எடுத்து நாலு தடவை ஊற்றிப் பார்த்தார்.

"பிரமாதம். நம்ம பழைய கைப்பிடிக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்றார். "எனக்கே அந்தப் பழசுல மணிக்கட்டு போச்சு. இதுல வலியே இல்ல."

"எண் பொய் சொல்லாதுங்க" என்றார் மேலாளர், கைகட்டி.

"இவ்வளவு ஒழுங்கா கணக்குப் போட்டது யாரு?"

எல்லோரும் அரைமில்லியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"படம் யாரு வேணாலும் வரைவாங்க" என்றார் முதலாளி. "எது நல்லது, எது கெட்டதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம். அந்த நாற்காலியை இவருக்கே கொடுத்துடுங்க."

மேலாளர் கைதட்டினார். தன் கைப்பிடியும் தோற்றதில் மச்சினனுக்கு வருத்தம்தான், ஆனாலும் மாமனுக்குக் கை கொடுத்தான். "அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன் மாமா, நம்ம ரெண்டு பேரையும் மேலாளர் அடிச்சிட்டாருன்னு." அரைமில்லிக்கு ஒரு மாதத்துப் பாரம் அப்படியே இறங்கியது. ஆபீசும் போச்சு, வீடும் போச்சு என்று இருந்தவருக்கு இரண்டும் கிடைத்துவிட்டது. அப்போதே பிரிவுத் தலைவர் என்று போட்டு ஒரு கையெழுத்தைத் தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டார்.

புதுப் பதவியில் முதல் வேலை, 'இ'க்கு அச்சு வெட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பது. மச்சினனையும் கூட்டிக்கொண்டு டூல்ரூமுக்குத் தானே இறங்கிப் போனார். ஃபோர்மேன் லேத் பக்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உத்தரவுத் தாளை வாங்கிப் படித்தார், ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

"அப்பாடா, ஒரு வழியா முடிவாயிடுச்சா. படத்தைக் கொடுங்க சார், இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன்."

"படம் எதுக்கு? மாதிரி செஞ்சது நீங்கதானே. அதைப் பார்த்தே வெட்டுங்க" என்றார் அரைமில்லி, தலைவருக்குரிய தோரணையில். "ஒரு அரை மில்லிகூட மாறக் கூடாது. அந்த வளைவுக்குத்தான் ஒன்பது புள்ளி நாலு."

ஃபோர்மேன் அவரையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிவாகாம எந்த அச்சும் வெட்டக் கூடாதுன்னு மேல இருந்து எழுத்துல வந்துச்சு, மாதிரி இல்லாம முடிவு பண்ண முடியாதுன்னும் எழுத்துல வந்துச்சு, நான் என்ன சார் பண்ணுவேன், நம்ம பழைய கைப்பிடியிலயே மூணை எடுத்து வெள்ளைப் பெயின்ட் அடிச்சு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டேன்."