எட்டாவது மூன்று

வாசல் அறையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்று பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டினால்தான் எனக்குப் போன உயிர் திரும்பும். என் மனைவியோ அங்கே தையல் கடை வைக்க வேண்டும் என்று நாலு வருடமாகக் கேட்கிறாள். இப்போதைக்குக் கட்டிலில் விரித்துத்தான் துணி வெட்டுகிறாள். ஒருமுறை என் போர்வையும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

நேருக்கு நேர் மறுக்க எனக்கு ஏது தைரியம்? கணக்கைத் துணைக்கு அழைத்தேன்.

“ஒரு பந்தயம். நான் ஒரு பகா எண் சொல்றேன். ஒண்ணையும் அதே எண்ணையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. நீ வகுத்துக் காட்டிட்டா அறை உனக்கு.”

“வகுக்க வரலைன்னா?”

“அறைப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

ஏழு மூன்று எழுதிக் கடைசியில் ஒன்று போட்டேன்: 33333331.

“31, 331, 3331... எத்தனை மூணு போட்டாலும் பகா எண்தான்!”

எட்டிப் பார்த்தாள். “இவ்வளவுதானா? உங்க படிப்புக்கு இது சின்னதுங்க. இன்னொரு மூணு போடுங்க.”

புகழ்ந்தால் மயங்காத ஆம்பளை உண்டா? போட்டேன். 333333331.

“பதினெட்டாயிரம் வரைக்கும் வகுத்துப் பாக்கணும். அதுக்குள்ள நமக்குப் பேரன் பேத்தியே பொறந்துடும்.”

“பரவாயில்லைங்க. எதுல ஆரம்பிக்கணும்?”

“ரெண்டுல.”

துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“பதினேழுல சரியா போகுதுங்க.”

“மீதியை முழுங்கியிருப்பே.”

“மீதியே இல்லை. 19607843 தடவை.”

மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஏழு மூன்று வரை புத்தகத்தில் படித்தவன் நான். எட்டாவதை நானாகவே நம்பிக்கொண்டேன். ஒரு நாளாவது வகுத்துப் பார்த்ததில்லை.

“எப்படிடி இவ்வளவு சீக்கிரம்?”

“போன வாரம் மாடி வீட்டு அண்ணன்கிட்ட இதைச் சொல்லி பீத்திக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே வகுத்துப் பாத்துட்டேன். ஏழு மூணு அசைய மாட்டேன்னுது. எட்டு மூணு பதினேழுல விழுந்துடுச்சு.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து எத்தனை நாளாகிறது! எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தையல் மெஷினை நானே தூக்கிப் போய் ஜன்னலோரம் வைத்தேன்.

முதல் நாளே நாலு பேர் துணி கொடுத்தார்கள். இப்போது உதவிக்கு ஒரு பெண்ணையும் வைக்கப் போகிறாளாம். வாசலில் பெரிய பலகை: ‘பதினேழு தையலகம்’.

“ஏங்க்கா இப்படி ஒரு பேரு?” என்று கேட்கிறவர்களை எல்லாம், “உள்ளே சார் இருக்கார், விளக்கமா சொல்லுவார்” என்று என்னிடம் அனுப்பிவைக்கிறாள்.