சுத்துப்படமும் இருபத்து மூன்று விளக்குகளும்

எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதனைக்கூட ஒரே படத்தில் முழுசாக எடுத்துக் கொடுக்காத போட்டோக்காரர் என்றால் அது சுத்துப்படம் ஒருவர்தான். எங்கள் தோட்டத்தில் என்ன, இந்தச் சப்ரகமுவ மாகாணத்திலேயே அப்படி இன்னொருவர் இருக்கமாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர், தோட்டத்தில் வேலையாட்களைப் பதியும் பிரட்டுப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

யட்டியாந்தோட்டை பஸாரிலிருந்து மேலே ஏறினால் ரப்பர், அதற்கும் மேலே ரப்பர், அதற்கும் மேலே நாங்கள். மேக்கணக்கு என்று எங்கள் பிரிவுக்குப் பெயர். மூன்று லயம் என்கிற வரிசை வீடுகள், அவற்றில் குடும்பத்துக்கு ஒன்றாக இருபத்து நான்கு காம்பிரா என்கிற அறைகள். அதில் கடைசிக் காம்பிராவில் சுத்துப்படம் தனி ஆளாகக் குடியிருந்தார். பக்கத்துக் காம்பிரா என்னுடையது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்.

காலையில் அவர் எல்லோரையும் போல ரப்பர்ப் பால் வெட்டப் போவார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மாவனல்லையில் ஒரு ஸ்டூடியோவில் ஆறேழு வருஷம் கல்யாண வீடுகளுக்கு லைட் பிடித்தவர். முதலாளி கடையை மூடியபோது பழைய கெமரா ஒன்றையும், விசிறி சத்தம் போடும் லெப்டொப் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார். முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவர் செய்த அந்த நல்ல காரியத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சுத்துப்படத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. கெமராவை ஒரு பக்கமாகப் பார்க்க வைத்து எடுத்தால் அது படமே இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒன்றோடொன்று மூன்றிலொரு பங்கு படும்படி பத்துப் பன்னிரண்டு எடுத்து, பிறகு எல்லாவற்றையும் லெப்டொப்பில் போட்டு நீளமாக ஒட்டவேண்டும். படம் எடுப்பதையும் இரவில்தான் செய்வார். கெமராவுக்குக் கால்கள் ரப்பர்க் கம்பு. தலை, பால் பிடிக்கும் சிரட்டை. சிரட்டையின் விளிம்பில் பால் வெட்டும் கத்தியால் வரிசையாக வெட்டுப் போட்டிருப்பார். ஒரு படத்துக்கு ஒரு வெட்டு. இருட்டில் படம் விழுவதற்காக முப்பது எண்ணுவார், ஒரு வெட்டுத் திருப்புவார், மறுபடி முப்பது எண்ணுவார்.

"ஃபோன்லயே இது வருதே அண்ணே, அப்பிடியே சுத்தினா எடுத்துடுதே," என்று பையன்கள் சொல்வார்கள்.

"ஃபோன் இருட்டைப் பாத்தா பயந்துடும்டா. தெரியாததை எல்லாம் அதுவா வரஞ்சிடும்," என்பார்.

அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று அவரிடம் போன ஒரு பெண்ணை ஒரே பல்ப் வெளிச்சத்தில் நான்கு துண்டாக எடுத்து ஒட்டினார். அவளுக்கு மூன்று காது வந்தது. அவள் அழுதாள். சுத்துப்படம் அசரவில்லை. "ரெண்டு காதும் தெரியணும்னுதானே கேட்டாங்க? தெரியுதில்ல?" என்றார்.

கல்யாண வீட்டுக் கதை இதைவிட மோசம். இராத்திரிப் பந்தியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எடுத்தார். மாப்பிள்ளையின் மாமா ஓர் இடத்தில் உட்காராத மனிதர். அவர் எழுந்து எழுந்து இடம் மாற, இவர் முப்பது முப்பதாக எண்ண, ஒட்டி முடித்த படத்தில் அதே மாமா மூன்று இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது இலையில் அவருடைய கை மட்டும். பெண் வீட்டார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்தச் சுவர்ப்பக்கம் பார்ப்பதில்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். மலை வெடித்தது. லயத்துக்குப் பின்னால் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. மண்சரிவு அபாயம் என்று பலகை நட்டார்கள். கீழே பாதை ஓரமாக ஆளுக்கொரு காணித்துண்டு கொடுத்து எங்களை இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். பெயர் எழுத ஓர் உத்தியோகத்தர் வந்தார். வந்தது காலை பத்து மணிக்கு. பத்து மணிக்கு மேக்கணக்கில் யார் இருப்பார்கள்? பால் வெட்டுகிறவர்கள் மலையில், மற்றவர்கள் பஸாரில், நான் பள்ளிக்கூடத்தில். வயசாளிகள் படுத்திருந்த ஏழு காம்பிராவுக்குப் பெயர் எழுதினார். பூட்டியிருந்த பதினேழுக்கும் நேராக "ஆளில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

நான் மனு எழுதிக்கொண்டு ஓடினேன். உத்தியோகத்தர் சிங்களமும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசுகிறவர். கோபமே வராது. கோபம் வருகிறவர்களிடம் ஏதாவது பேசலாம்.

"மாஸ்டர், நான் என் கண்ணால பாத்தது. கவுருத் நே, ஒருத்தரும் இல்ல. ஆக்கள் எல்லாம் கொழும்புக்குப் போய்ட்டாங்க."

"வேலைக்குப் போயிருந்தாங்க மாத்தியா. ராத்திரி வந்து பாருங்க, எல்லாரும் இருப்பாங்க."

"ராத்திரிக்கு வெஹிக்கிள் தர மாட்டாங்க. ஏதாவது சாட்சி கொண்டு வாங்க."

சாட்சிக்கு எங்கே போவது? கரண்ட் பில் தோட்டத்தின் பெயரில் வருகிறது. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்கு வருகின்றன. வாக்காளர் பட்டியலைக் காட்டினேன். வோட்டுப் போடுகிறவர்களும் கொழும்பில் இருக்கலாமே என்றார். மறு விசாரணைக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் இதை நான் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது சுத்துப்படம் வந்து நின்றார்.

"மாஸ்டர், அவரு ராத்திரி வர மாட்டாரு. அப்ப ராத்திரிய நாம கொண்டு போவோம்."

எதிர் மலையில் ஏறி நின்றால் மூன்று லயமும் மலையைச் சுற்றி வளைந்து கிடப்பது தெரியும். பகலில் எடுத்தால் வெறும் மரம்தான். இரவில் ஒவ்வொரு காம்பிராவிலும் லைட்டைப் போட்டுவிட்டால், எங்கெங்கே ஆள் இருக்கிறது என்று ஒரே நீளப் படத்தில் விழும். அந்த மனிதர் வாழ்நாளில் எடுத்த கிறுக்குப் படங்களுக்கெல்லாம் ஒரு அர்த்தம் வந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது.

முதல் நாள் பனி இறங்கி மலையையே மூடிவிட்டது. இரண்டாம் நாள், ஐந்தாவது வெட்டில் கரண்ட் போனது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் யாரோ டோர்ச் லைட்டோடு முதல் லயத்திலிருந்து மூன்றாம் லயத்துக்கு நடந்துபோனதில் படத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. நான்காம் நாள் மழை. ஐந்தாம் நாள் பனி. ஆறாம் நாள் கடைசி நாள். மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை.

"எல்லாரும் லைட்டப் போட்டுட்டு அவங்கவங்க வாசல்ல நில்லுங்க. நான் டோர்ச் அடிச்சா ஆரம்பிக்கிறேன்னு அர்த்தம். மறுபடி அடிக்கிற வரைக்கும் யாரும் அசையாதீங்க," என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு எதிர் மலை ஏறினார்.

மேக்கணக்கு மக்களைப் பற்றி நான் பெருமைப்படவேண்டியது ஒன்று உண்டு. போட்டோ என்றால் போட்டோதான். பெண்கள் திருவிழாச் சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, பவுடர் போட்டு நின்றார்கள். ஆண்கள் வெள்ளைச் சட்டை. கெமரா இருந்தது அடுத்த மலையில். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்துச் சிரித்தோம். கடைசி வெட்டு முடிந்ததும் பனி இறங்கிவிட்டது; முடிந்தது என்று அவர் அடித்த டோர்ச் அதில் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் இறங்கி வந்து பார்க்கும்போது ஊரே சிரித்த முகத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, நான் கண்ண மூடிட்டேன். இன்னொருக்கா எடுக்கலாமா?" என்று கேட்டாள் முதல் லயத்துச் செல்வி.

விடிய விடிய ஒட்டினார். லெப்டொப்புக்கு இருட்டில் எல்லா ரப்பர் மரமும் ஒரே மரம். நடு லயத்தை இரண்டு தடவை போட்டது. மாரியம்மன் கோயிலை ஆகாயத்தில் வைத்தது. கடைசியில் அதை நம்பாமல், ஒவ்வொரு விளக்காகப் பார்த்துக் கையாலேயே பொருத்தினார். விடியும்போது என்னைக் கூப்பிட்டார். மலை முழுவதும் ஒரே வளைவாக, மூன்று வரிசை வெளிச்சம். ஒரு ஒட்டுத் தெரியவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

கடைசிக் காம்பிரா இருட்டாக இருந்தது. சுத்துப்படத்தின் காம்பிரா.

மலை ஏறுவதற்கு முன்னால் சாவியை என்னிடம் கொடுத்து, "ஏழு மணிக்கு என் லைட்டையும் போட்டுடுங்க மாஸ்டர்," என்று சொல்லியிருந்தார். நான் என் வெள்ளைச் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு டோர்ச் அடித்துவிட்டார். பிறகு அசையக்கூடாது. சாவி என் சட்டைப்பையில் இருக்க, நான் ஐந்தடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணே, அந்த எடத்துல ஒரு புள்ளி வச்சிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சிடலாம். ஒண்ணு நான் வச்சதா இருந்தா மத்த இருபத்தி மூணும் நான் வச்சதுதான்னு சொல்லுவாங்க மாஸ்டர். வேணாம்."

பஸாரில் அவ்வளவு நீளத்துக்கு அச்சடிக்க வழியில்லை. ஆறு தாளில் அடித்துப் பசை போட்டு ஒட்டிச் சுருட்டிக்கொண்டு போனோம். உத்தியோகத்தர் மேசைமேல் விரித்தார். மேசை போதாமல் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு விளக்காகப் பேனாவால் தொட்டு, பட்டியலில் ஒவ்வொரு "ஆளில்லை"யாக வெட்டிக்கொண்டே வந்தார். அவருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. "ஹரிம லஸ்ஸனய்," ரொம்ப அழகு என்று இரண்டு தடவை சொன்னார். கடைசிக் காம்பிராவில் பேனா நின்றது.

"இங்க லைட் நே."

"அது இவரோட காம்பிரா மாத்தியா. இவருதான் படம் எடுத்தவரு."

"அப்ப இவரு அந்தப் பக்கத்து மலையிலதானே இருந்திருக்காரு?"

"எடுக்கிறதுக்குத்தான் போனாரு. லைட்டப் போடச் சொல்லிச் சாவிய என்கிட்ட குடுத்திருந்தாரு. நான் மறந்துட்டேன். தப்பு என்னோடது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சாவி உங்ககிட்டயா? அப்ப அது உங்க பாவனையில இருக்கிற வீடு. மாஸ்டர், ஒருத்தருக்கு ரெண்டு காணி தர ஏலாதே. அப்பிடின்னா உங்க பேரையும் நான் திரும்பப் பாக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். சுத்துப்படம் என் கையைப் பிடித்து அழுத்தினார். "விடுங்க மாஸ்டர். இன்னும் பேசினா இருபத்தி ரெண்டா ஆயிடும்," என்றார் மெதுவாக. வாழ்நாளில் நான் வாயை மூடியிருக்கவேண்டிய நேரத்தில் திறந்திருக்கிறேன். திறந்திருக்கவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது அன்று ஒருநாள்தான். எனக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்தக் கணக்கைத்தான் அப்போது நான் போட்டேன்.

இருபத்து மூன்று குடும்பமும் இறங்கிவிட்டோம். அவருக்காக நான் எழுதிய கடிதங்களுக்கு எல்லாம், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே மாதிரிப் பதில் வருகிறது. மேக்கணக்கில் ஆளில்லை என்பதால் கரண்டை வெட்டிவிட்டார்கள். அவர் மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். திட்டியும் பார்த்தேன்.

"நானும் எறங்கிட்டா அவங்க எழுதினது உண்மையாயிடும் மாஸ்டர்," என்கிறார்.

அந்த மனிதரோடு என்ன பேசுவது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கி வந்திருக்கிறார். கனமழை பிடித்தால், கெமராவைப் பொலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே என் வீட்டுக்கு வந்து படுத்து, விடியுமுன் பால் வெட்ட ஏறிவிடுவார். இப்போதும் வெளியே மழை கொட்டுகிறது. சோறு ஆறுகிறது என்று மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அவர் வந்துவிடட்டும், சேர்ந்தே சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.