அத்தாவா, ஆத்தாவா?

அத்தாவா, ஆத்தாவா என்பதில்தான் சிக்கல்.

தலைமையாசிரியர் சுரேஷ்கண்ணன் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சமூக அறிவியல் டீச்சர் யுவராணியிடம் நீட்டினார். அந்தச் சொல்லின் முதல் எழுத்து இருந்த இடத்தில் அவருடைய டீ டம்ளர் வட்டமாக உட்கார்ந்து எழுந்திருந்தது. எழுத்துக்குக் கீழே சுழி இருந்ததா இல்லையா என்பது அந்த டீக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவேடுகளுக்கு நடுவே கிடந்த கடிதம் அது. மார்ஜின் போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், முழுசாக இரண்டு பக்கம். 'பிற சமயங்களைப் பள்ளியில் கற்பிப்பது எம் பிள்ளைகளின் பிஞ்சு நெஞ்சில் குழப்பத்தை விதைக்கும். இதைக் கேள்வியுற்ற எங்கள் வீட்டு -த்தா மூன்று நாட்களாக உண்ணவில்லை, உறங்கவில்லை.' கீழே, 'இப்படிக்கு, மனம் நொந்த பெற்றோர்.' பெயர் இல்லை.

கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவை அத்தா என்பார்கள். மற்ற தெருக்களில் அம்மாவை ஆத்தா என்பார்கள். ஆக, ஒரு சுழி தெரிந்தால் எந்தத் தெருவுக்குப் போய்க் காலில் விழுவது என்று தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் யுவராணி செய்த குற்றம் இதுதான். எட்டாம் வகுப்புக்கு மதங்கள் பற்றிய பாடம் வருகிறது. வெறுமனே வாசித்துவிட்டுப் போகாமல், வருகிற சனிக்கிழமை பிள்ளைகளைக் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றுக்கும் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று ஏற்பாடு செய்திருந்தாள். உங்களுக்குத் தெரியாததை எழுதுங்கள் என்றதும், வழக்கமாக மூச்சுவிடாத வகுப்பு நாற்பத்து மூன்று கேள்விகள் எழுதித் தந்துவிட்டது. அந்தத் தாளை அவள் நாலாக மடித்துக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"மார்ஜினைப் பாருங்க. வக்கீல் கை பட்டிருக்கு" என்றார் தலைமையாசிரியர். அவருக்கு ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது. அந்த ஒன்பது மாதத்தில் எதுவுமே நடந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கொள்கை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சு சமாதானம் பண்ணுங்க. இல்லைன்னா போக வேண்டாம். பாடத்தையும் நடத்தினதா எழுதிட்டுத் தாண்டிப் போயிருங்க."

முதலில் அத்தா என்று வைத்துக்கொண்டார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் சம்சுதீன் உறுப்பினர். ஏலக்காய் வியாபாரி. எட்டாம் வகுப்பு நிலோபரின் அத்தா. யுவராணி அவர் வீட்டுக்குப் போய், கடிதத்தைப் பற்றி வாய் திறக்காமல், பள்ளிவாசலை மட்டும் விட்டுவிடலாமா என்று நயமாகக் கேட்டாள். அவ்வளவு நயமாகக் கேட்டிருக்க வேண்டாம்.

சம்சுதீன் முகம் சுண்டிப்போனது. ஜமாத்தில் பேசி, பாய் விரிக்கச் சொல்லி, பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழத்துக்கும் சொல்லிவைத்திருந்தார் மனுஷர். "ஊருல எல்லா இடமும் பாப்பாக, எங்க இடம் மட்டும் ஆகாதாக்கும்" என்றார்.

வேறு வழியில்லாமல் யுவராணி கடித விஷயத்தைக் கக்கினாள். சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி லத்திபா எட்டிப் பார்த்தாள்.

"மூணு நாளு சாப்பிடலையா? யாரு, இவுகளா? நோன்பு நாள்ல பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே தட்டுல வடையை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாக."

அந்த வீட்டு அத்தா இல்லை என்பது அத்தோடு தீர்ந்தது. வாசல்வரை வந்த லத்திபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறவர்களுக்குக் கை சுடாதா, கோயிலில் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள். இருபது வருஷமாகப் பார்க்கிறாளாம். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தாளாம். யுவராணி அதை நாற்பத்து நாலாவது கேள்வியாக எழுதிக்கொண்டாள்.

அப்படியானால் ஆத்தாதான்.

கர்ணன் குழுத் தலைவர். ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். அவர் மகள் ஓவியாவும் எட்டாம் வகுப்பு. யுவராணி ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் அவள் யார் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள் என்ற செய்தி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நம் ஊரில் செய்திக்கு ஸ்கூட்டி தேவைப்படுவதில்லை.

"அங்கன போயி பள்ளிவாசலை விட்டுறவான்னு கேட்டீகளாம். இங்கன வந்து கோயிலை விட்டுறவான்னு கேக்குறீக. அப்ப எதைத்தான் டீச்சர் பாக்கப் போறீக?"

"சர்ச் இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டாள் யுவராணி.

உலகத்தில் வேறு எந்தப் பதிலுமே இதைவிட நல்ல பதிலாக இருந்திருக்கும். சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்துக்குள், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் சர்ச்சுக்கு மட்டும் கூட்டிப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கர்ணன் மனைவி மூக்கம்மாளிடமும் விசாரித்தாகிவிட்டது. "மூணு நாளு பட்டினி கெடக்குற ஒடம்பா டீச்சர் இது?" என்று அவள் தன்னைத்தானே சுட்டிக் காட்டியதில் விசாரணை முடிந்தது. ஆனால் அவளும் சும்மா விடவில்லை. பள்ளிவாசலுக்குள் சிலையே கிடையாதாமே, அப்போது எதைப் பார்த்துக் கும்பிடுவார்கள் என்று கேட்டாள். அந்த வழியாகத்தான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறாளாம்; கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லையாம். அது நாற்பத்து ஐந்தாவது கேள்வி.

புதன்கிழமை தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை வந்தது. எட்டாம் வகுப்புப் பெற்றோர் எல்லாரும் தங்கள் கையாலேயே 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எழுத்தை ஒப்பிட்டு ஆளைப் பிடித்துவிடலாம்.

முப்பத்தெட்டுச் சீட்டுகள் வந்தன. நாலில் கைநாட்டு. மீதியில் ஒன்றுகூட அந்த முத்து முத்தான எழுத்தின் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. மூன்று பேர் 'ஆட்சேபணை'யையே எழுத முடியாமல் 'சரி' என்று முடித்திருந்தார்கள்.

சீட்டு திரும்பி வந்ததே தவிர, ஊர் சும்மா இருக்குமா. இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள் என்றால் ஆட்சேபிக்கும்படி உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதுவரை இப்படி ஒரு பாடம் இருப்பதே தெரியாதவர்கள்கூட வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பிள்ளையே இல்லாத இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

ஹாலில் உட்கார இடம் இல்லை. கர்ணனும் சம்சுதீனும் ஆளுக்கொரு பக்கமாக விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆள் எழுதவில்லை, உங்கள் ஆளாகத்தான் இருக்கும் என்று கொஞ்ச நேரம் போனது. அந்த அத்தா எவர், அந்த ஆத்தா எவள் என்று கொஞ்ச நேரம் போனது. கடைசியில் யாரோ, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றார்கள்.

தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து வாசித்தார். அவர் செய்ததிலேயே பெரிய பிசகு அதுதான்.

ஏனென்றால் கடிதம் நன்றாக இருந்தது. 'சமயம் பயிலும் இடம் இல்லமே, பள்ளி அன்று' என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். 'பல கிணறுகளில் நீர் இறைக்கப் போனவன் தன் கிணற்றைத் தூர்த்துவிடுவான்' என்றபோது நாலு பேர் தலையாட்டினார்கள். அந்த மூன்று நாள் பட்டினி வந்ததும் மூக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசித்து முடித்ததும் இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். பிள்ளையே இல்லாதவர்கள்தான்.

கர்ணன் தொண்டையைச் செருமினார்.

"எவன் எழுதியிருந்தாலும் நியாயமாத்தான் எழுதியிருக்கான், மாப்ள."

"நானும் அதைத்தான் நெனச்சேன் மாமா" என்றார் சம்சுதீன். "நமக்குத்தான் இத்தனை நாளும் தோணாமப் போச்சு."

இரண்டு தெருவும் இவ்வளவு சுருக்காக ஒத்துப்போய் ஊர் பார்த்ததில்லை. பேரீச்சம்பழத்தை வேண்டாம் என்று சொல்ல சம்சுதீன் போனை எடுத்தார். லத்திபா மட்டும் மெதுவாக, போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று ஆரம்பித்தாள். ஆனால் அவள் கேட்டது ஒரே ஒரு வரி. கடிதம் இரண்டு பக்கம்.

யுவராணி எழுந்து பேசிப் பார்த்தாள். பிள்ளைகள் கேட்டிருக்கிற கேள்விகளில் நாலைந்தை வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். அதெல்லாம் சரிதான் டீச்சர், ஆனால் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டப் புத்தகத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. இனிமேல் இந்தப் பள்ளியில் அந்தப் பாடம் நடத்தப்படாது. சனிக்கிழமை எங்கேயும் போவதில்லை. ஒன்பது மாதமும் பத்திரமாகிவிட்ட நிம்மதியில் தலைமையாசிரியர் பேனா மூடியைத் தானே கழற்றிக் கர்ணனிடம் நீட்டினார். யுவராணி நாற்பத்து ஐந்து கேள்விகளையும் மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அப்போது வாசலில் ஒரு தலை தெரிந்தது. பத்தாம் வகுப்பு மகிமா. பக்கத்து அறையில் சிறப்பு வகுப்பு. மைக் சத்தம் சுவரைத் தாண்டிப் போயிருந்தது.

அப்புறம் வா என்று தலைமையாசிரியர் கையசைத்தார். அவள் போகவில்லை. என்னம்மா வேண்டும் என்று எரிச்சலாகக் கேட்டார்.

"அந்தத் தாள்தான் சார். என் தமிழ் வீட்டுப்பாடம், வருகைப் பதிவேட்டோட சேந்து இங்க வந்துருச்சு போல, மூணு நாளாத் தேடுறேன். எட்டாம் வகுப்புல மத்த மதங்களைச் சொல்லிக்குடுக்குறதைப் பத்திப் பெத்தவக எழுதுற மாதிரி ஒரு கடிதம், ஆதரிச்சாலும் சரி எதுத்தாலும் சரின்னு தவசி ஐயா சொன்னாக; ஆதரிச்சு எழுதினா அரைப் பக்கத்துலயே முடிஞ்சு போச்சு சார், எதுத்தாத்தான் ரெண்டு பக்கம் ரொம்புச்சு."