கப்பல்காரரின் கடைசி ஐட்டம்

கப்பலைப் பற்றி இந்த உலகத்திலேயே அதிகமாக யோசித்த மனிதர் யார் என்று கேட்டால், நான் எந்த மாலுமியையும் சொல்ல மாட்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில், எனக்குப் பக்கத்து அறையில் மாத வாடகைக்கு இருந்த மேஜிக்காரரைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் அந்த ஆள் அப்போது கடலைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஒகேனக்கல்தான். லாட்ஜில் எல்லோருக்கும் அவர் 'கப்பல்காரர்'. அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அப்போது, கல்யாணத்துக்கு முன்னால், சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். அவர் கல்யாண வரவேற்புகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் மேஜிக் செய்வார். நாற்பதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு. மேடைக்கென்று ஒரு சிவப்புக் கோட்டு. கூடவே, பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் இருப்பது கடைசி ஐட்டம். அது என்னவென்று லாட்ஜில் ஒருவருக்கும் தெரியாது. சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஒரே இருட்டு.

"எனக்கு மட்டுமாவது சொல்லுங்களேன். அதுல என்னதாங்க இருக்குது?"

"மேடையில பாருங்க சார்."

"மேடையில இதுவரைக்கும் யாருங்க பாத்திருக்காங்க?"

"அதுதான் சார் பிரச்சினையே."

பிரச்சினை இதுதான். கடைசி ஐட்டத்துக்காக அவர் பெட்டிப் பக்கம் குனிகிற நேரம் பார்த்துத்தான் எல்லா மண்டபத்திலும் பந்தி ஆரம்பிப்பார்கள். "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த நிமிஷம் முன்னூறு பேரும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியிருப்பார்கள். சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் காட்டலாமே என்றால், கை கழுவிய ஈரத்தோடு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலோ மணி அடித்துவிடுகிறது. பதினோரு வருடமாக அந்த ஐட்டத்தை ஒரு ஜீவன்கூடப் பார்க்கவில்லை.

அதனால்தான் கப்பல்.

"நடுக்கடல்ல பஸ்ஸு கிடையாது பாருங்க. எந்திரிச்சு எங்க சார் போவாங்க? வூட்டுக்கா?"

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன். முடியவில்லை.

சொகுசுக் கப்பலில் மேஜிக் செய்பவர்களுக்கு வேலை இருக்கிறது என்று போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார். கப்பல் பயங்கரமாக ஆடும் என்று யாரோ சொல்லியும் வைத்தார்கள். உடனே பயிற்சி தொடங்கியது. இண்டூர் போகும் டவுன் பஸ்ஸில், எதையும் பிடிக்காமல் நடுவில் நின்றுகொண்டு சீட்டுக்கட்டை விசிறுவார்.

"யோவ், கம்பியப் புடிய்யா! வுழுந்து வெச்சா நான்தான் பதில் சொல்லணும்" என்று கண்டக்டர் கத்துவார்.

"கப்பல்ல கம்பி இருக்காதுங்க."

"இது கப்பலாய்யா?"

ஒருநாள் டிரைவர் போட்ட பிரேக்கில் ஐம்பத்திரண்டு சீட்டும் பஸ் முழுக்கப் பறந்தன. பொறுக்கியதில் ஒன்று குறைந்தது. மூன்று ஸ்டாப் தாண்டி இறங்கப் போன ஒரு அம்மா தன் தக்காளிக் கூடைக்குள்ளிருந்து ஆர்ட்டின் ராணியை எடுத்துக் காட்ட, பஸ்ஸே கைதட்டியது. அதுவரை அவர் வாங்கியதிலேயே பெரிய கைதட்டல் அதுதான். அதுவும் அவர் செய்யாத மேஜிக்குக்கு!

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரிமங்கலத்தில் ஒரு சர்ச் கல்யாண வரவேற்பு. "யார் எந்திரிச்சாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பந்திக் குரல் வந்தது, கூட்டம் போனது. காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் ஒருவன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பூட்டில் சாவியை வைத்தார். அந்த நேரத்திலா அடுத்த ஹாலில் பிரியாணி தம்மைத் திறக்க வேண்டும்? மதியம் நான் வேறு சாப்பிடவில்லை. "ரெண்டாவது பந்திக்குக் கறி இருக்காது" என்று ஒரு பெரியவர் என் காதில் போட்டுவிட்டுப் போனார். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று எழுந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் சிவப்புக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை.

"பிரியாணி நல்லா இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்று எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் அவருக்கு விண்ணப்பம் எழுதினேன், பாஸ்போர்ட்டுக்கு அலைந்தேன். மும்பை ஏஜென்சியின் வீடியோ இன்டர்வியூவில் மொழிபெயர்ப்பாளராகவும் உட்கார்ந்தேன். கூட்டத்தை எப்படிப் பிடித்து வைப்பீர்கள் என்று பேட்டி எடுத்த அம்மையார் கேட்டார். "அதுக்குத்தான் சுத்தியும் கடல் இருக்குதுங்களே" என்றார் நம்மவர். நான் அதை 'நீண்ட அனுபவம் உண்டு' என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேலை கிடைத்தது.

கப்பலிலிருந்து வந்த முதல் போனிலேயே புகார்.

"சார், இது ஆடவே மாட்டேங்குதுங்க. நம்ம கலெக்டர் ஆபீஸ் மாதிரி நிக்குது."

"பெட்டியை ஏர்போர்ட்ல திறந்து பாத்திருப்பாங்களே?"

"சாமானத்தான் பாத்தாங்க. ஐட்டத்தப் பாக்கல."

மேடையையும் உடனே தந்துவிடவில்லை. குழந்தைகள் முகத்தில் புலி வரைவது, நீச்சல் குளத்தோரம் டான்ஸ் சொல்லித் தருவது, ஹவுசி விளையாட்டுக்கு நம்பர் படிப்பது என்று முதல் ஒப்பந்தம் முழுக்க ஓடியது. இரண்டாவதில், காபி குடிக்கும் கூடத்தின் மூலையில் பத்து நிமிஷம் தந்தார்கள். அங்கேதான் பெரிய இடி.

"ஏழு எடத்துல சோறு போடறாங்க சார். காலையில ஆரம்பிச்சா பந்தி நிக்கறதே இல்ல. சீட்டக் கையில எடுத்தா எந்திரிச்சுப் போயிடறாங்க."

எந்தப் பந்திக்குப் பயந்து கடலுக்கு ஓடினாரோ, அந்தப் பந்தியின் தலைநகரத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தார். திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ மூன்றாவது ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம், நான் மதிய டப்பாவைத் திறக்கும்போது மறுபடியும் போன்.

"பெரிய மேடை குடுத்தாங்க சார். வயிறு முட்டச் சாப்பிட்டவங்களா வந்து உக்காந்தாங்க. அசையக்கூட முடியல அவங்களால. தொறந்துட்டேன்."

"பெட்டியையா? பாத்தாங்களா?"

"முழுசாப் பாத்தாங்க. அப்பறம் மொத்தமா எந்திரிச்சுட்டாங்க சார். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. பாத்தா, கை தட்டறாங்க!"

டப்பாவை மூடி வைத்தேன். "அப்படி என்னங்க அது? இப்பவாவது சொல்லுங்க."

"போன்ல சொல்றதாங்க அது?" என்று சிரித்தார். பிறகு, "கை தட்டுனப்ப மொத வரிசையில உங்களத் தேடுனேன் சார். நீங்க எப்படி இருப்பீங்க? ஆனாலும் தேடுனேன்" என்றார்.

அடுத்த மாதம் அந்தக் கப்பல் சென்னைக்கு வருகிறது. அதில் எனக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டேன். சேலம் போகவே அலுத்துக்கொள்கிற ஆளுக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் ஆச்சரியம்.

"அந்தப் பொட்டியில என்ன இருக்குதுன்னு பாக்க அவ்வளவு ஆசைங்களா உங்களுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. அந்த மனிதர் முதல் வரிசையைப் பார்க்கும்போது நான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.