தானாக எழும் சிவப்புத் தகரம்

தோட்டத்துப் பெரிய துரையின் காரை நடுரோட்டில் நிறுத்திய வீரர் டிக்கோயாப் பக்கத்தில் ஒருவர்தான். அதுவும் இரண்டு தடவை நிறுத்தினார்.

எங்கள் தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். பெயரைச் சொல்லிக் கேட்டால் தொழிலாளர் லயத்து வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. பலகை பிட்டர் என்றால் நாய்கூட வழி காட்டும். அவர் செய்த கோழிக்கூடு பொழுது சாய்ந்ததும் தானாகச் சாத்திக்கொள்ளும். ஒருநாள் கங்காணியின் விரலையும் சேர்த்துச் சாத்தியது.

கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் பெரிய ரோட்டைக் கடந்தாக வேண்டும். அந்த வளைவில்தான் பிட்டரின் மனைவியைக் கூடையோடு லொறி அடித்துப் போட்டது. பார்த்து நடக்காதது அவள் குற்றம் என்று துரை சொன்னார். ஆபீஸ் கிளாக்கரான நான் அப்படியே எழுதினேன்.

பிட்டர் அழவில்லை. பழைய கம்பி, கப்பி எல்லாம் சேர்த்து ஒரு பொறி செய்தார். பாதையில் கிடக்கும் பலகையை மிதித்தால் மணி அடிக்கும்; ரோட்டின் இரு பக்கமும் சிவப்புத் தகரம் எழுந்து, மெதுவாகத்தான் இறங்கும். அனுமதி கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவே இல்லை.

முதல் நாள் பெண்கள் மிதித்தார்கள். தகரம் எழுந்தது. வளைவில் வந்த கார் நின்றது. வந்தது துரையின் கார், அதுதான் வினை. அதைக் கண்டால் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தலைகுனிந்து நிற்பதல்லவா நம் பழக்கம்? அத்தனை பேரும் கானுக்குள். ரோடு காலி.

"போங்கம்மா, ஒங்களுக்காகத்தான் கார் நிக்குது" என்று கெஞ்சினார் பிட்டர்.

"மொதல்ல தொரை போகட்டுங்க" என்றாள் ஒருத்தி, தலை நிமிராமல்.

துரை இறங்கிப் பொறியைச் சுற்றிப் பார்த்தார். கெட்டிக்கார வேலை என்று மெச்சினார். பிறகு உத்தரவு போட்டார்: இதைத் திருப்பி மாட்டு, கார் ஏறினால் மணி அடிக்கட்டும், ஜனம் விலகட்டும். தமிழில் எடுத்துச் சொன்ன புண்ணியவான் நான்தான். மனைவி செத்த இடத்தில் பிட்டர் தன் கையாலேயே திருப்பி மாட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

மறுநாள் மணி அடித்தது. பெண்களோடு நானும் குடையை மடக்கிக்கொண்டு கானில் இறங்கினேன். பிட்டர் மட்டும் நடுரோட்டில் கைகளை விரித்து நின்றார். அவர் வேட்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

"ஐயா, நீங்க மொதல்ல கடங்க. அப்பதான் இவங்க வருவாங்க" என்றார் என்னைப் பார்த்து.

கானிலிருந்து ஏறிக் கடந்தேன். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள்.

அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அவர் பெயரை எழுதியது அதுவே கடைசி. இப்போதும் ரோட்டைக் கடக்கும்போது, அவர் கைவிரித்து நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் காலை எடுத்து வைக்கிறேன்.